காக்கித் துணியும் சேரிச் சோறும்

2025 பிப்ரவரி. மத்திய பட்ஜெட் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் ஒரு சின்ன மண்டபத்தில் தோழர்கள் கருத்தரங்கு போட்டிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கலாம். பேசியவர் நல்ல படிப்பாளி. தாளை விரித்துவைத்துக் கணக்குச் சொன்னார். பாதுகாப்புக்கு 6,81,210 கோடி. கல்விக்கு 1,28,650 கோடி. ஐந்து மடங்குக்கும் மேலே. ஏழை வீட்டுச் சோற்றைப் பிடுங்கி பீரங்கிக்குப் போடுகிறார்கள் என்றார். கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எழுபதைத் தாண்டியவர். பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவர் என்று பிறகு தெரிந்தது. "தம்பி, நீ சொல்றது கரெக்டுதாம்பா. இல்லேங்கல. ஆனா அந்த மிலிட்டிரி காக்கிலதான் நாங்க துன்னோம். எங்க அப்பாரு துன்னாரு, நான் துன்னேன், எம் புள்ளைங்க படிச்சதும் அதுலதான். அத்த எந்தக் கணக்குல எழுதுவ?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். தலைவர் நேரமாகிவிட்டது என்றார். பேச்சாளர், "அது வேற விஷயங்க பெரியவரே" என்று முடித்துக்கொண்டார்.

அது வேற விஷயம் இல்லை. அதுதான் விஷயம். ராணுவச் செலவு என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிற பணம் எந்த வாசல் வழியாகச் சேரிக்குள் வந்தது, எந்த வாசலை எப்போது யார் சாத்தினார்கள் என்கிற கணக்கை நம்மில் யாரும் எழுதவில்லை. தேசபக்தர்கள் எழுதமாட்டார்கள். அவர்களுக்கு ராணுவம் சாமி மாதிரி, சாமிக்குச் செலவுக் கணக்குக் கேட்கக்கூடாது. இடதுசாரித் தோழர்கள் எழுதாமல் விட்டதற்குக் காரணம் வேறு. அவர்களுடைய எழுத்தில் தொழிலாளிக்கு வர்க்கம் உண்டு, சங்கம் உண்டு, போராட்டம் உண்டு. அவன் நெய்த துணி என்ன துணி, அதை யார் வாங்கினார்கள் என்பது பெரும்பாலும் கிடையாது. நாம் எழுதாததற்கு? அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

நம்முடைய இலக்கியத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. 2002இல் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' வந்தது. தமிழில் தலித் எழுத்து என்று பேச வாய் திறக்கிற எவரும் இந்த இரண்டையும் தாண்டிப் போக முடியாது. அக்காவும் தம்பியுமா அண்ணனும் தங்கையுமா என்று இன்னமும் மாற்றிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; ராஜ் கௌதமன் அண்ணன், பாமா தங்கை. ஒரே வீடு. அந்த வீட்டு அப்பா இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தவர். இந்த நூல்களைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள், எத்தனை கருத்தரங்கக் கட்டுரைகள்! மொழிநடை, வட்டார வழக்கு, சிலுவையும் சாதியும், பெண் உடல், தன்வரலாற்றின் உடைந்த வடிவம் என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. எம்.ஏ. தமிழ் படித்தபோது நானும் ஒரு கட்டுரை எழுதி மார்க்கு வாங்கினேன். ஆனால், அந்தப் பிள்ளைகளுக்குச் சிலேட்டு வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று கேட்ட விமர்சகர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. சுற்றியுள்ள குடும்பங்கள் ஆண்டையின் நிலத்தில் கூலிக்குக் குனிந்துகிடக்கிற ஊரில், ஒரு வீட்டுக்கு மட்டும் எங்கேயோ இருந்து சர்க்கார் சம்பளம் வருகிறது. ஆண்டைக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. கோபம் வந்தால் அவன் கூலியை நிறுத்துவான், வேலைக்கு வராதே என்பான். பட்டாளத்து மணியார்டரை நிறுத்த அவனால் ஆகாது.

அம்பேத்கர் பிறந்ததே மோவ் என்கிற ராணுவ முகாமில்தான், 1891இல். அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். மகார்கள் பட்டாளத்துக்குப் போனதால் அவர்கள் வீட்டில் எழுத்து நுழைந்தது. பாபாசாகேப்பின் வாழ்க்கையைச் சொல்கிற எல்லோரும் மாட்டு வண்டிக்காரன் இறக்கிவிட்ட கதையைச் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் கோணியில் உட்கார்ந்த கதையைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். அந்தப் பையன் கோணியிலாவது உட்கார முடிந்ததற்குப் பின்னால் ஒரு ராணுவ ஓய்வூதியம் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நமக்கு அதைச் சொல்ல ஒரு கூச்சம். வெள்ளைக்காரன் பட்டாளம், ஏகாதிபத்தியத்தின் கூலிப்படை என்று சொல்லிவிடுவார்களோ என்று. சொல்லட்டுமே. கிராமத்தில் ஆண்டைக்குப் படியாளாக இருந்ததைவிட எந்த விதத்தில் அது கேவலம்?

இப்போது சென்னைக்கு வருவோம். மதராஸ் ராணுவத்தில் பறையர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கம்பெனி நடத்திய சண்டைகளில் செத்தவர்களில் நம் ஆட்கள் உண்டு. பாலம் போடுகிற, பாதை வெட்டுகிற சாப்பர்ஸ் படையில் அதிகம். பிறகு 1880களில், 90களில் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்றொரு தத்துவம் வந்தது. ராபர்ட்ஸ் என்கிற தளபதி முதலில் மதராஸுக்கும் பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்தவர். அவருக்குத் தெற்கத்தியான் சிப்பாயாக லாயக்கில்லை. பஞ்சாபியும் பட்டாணியும் கூர்க்காவும்தான் வீரர்கள் என்றாயிற்று. மகார்களை 1890களின் தொடக்கத்தில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். மதராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. முதல் உலகப்போரில் ஆள் போதாதபோது மறுபடி கூப்பிட்டார்கள். போர் முடிந்ததும் அனுப்பினார்கள். 1920களின் முடிவுக்குள் மதராஸ் காலாட்படை என்று ஒன்று மிஞ்சவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தபிறகுதான் மதராஸ் ரெஜிமென்ட் திரும்ப எழுந்தது. மகார் ரெஜிமென்ட் 1941இல் உருவானது, அதற்கு அம்பேத்கர் விடாமல் வாதாடினார். சண்டை வந்தால் வீரன், சண்டை முடிந்தால் பறையன். சாத்தப்பட்ட முதல் வாசல் இது. சாத்தியதால் வெள்ளைக்காரன் ராணுவச் செலவைக் குறைத்தானா என்றால் இல்லை. செலவு ஏறிக்கொண்டே போனது, அது போய்ச்சேரும் சாதி மாறியது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் முக்கியம். இதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் படிக்கவேண்டும்.

பட்டாளத்துக்குப் போகாதவர்களுக்கு வேறு வழியில் போர் வந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டு எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்தியது எல்லோருக்கும் தெரியும். 'எம்டன்' என்பது தமிழில் ஒரு வசவாகவே ஆகிவிட்டது. எம்டனைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்கு அந்தப் போர் சென்னையில் என்ன வேலையைக் கொண்டுவந்தது என்பதைப் பற்றி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டும். சென்னை மாகாணத்தில் பதப்படுத்திய மாட்டுத்தோல் அதற்குத் தோது. அரசாங்கமே தோல் வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அந்தத் தோலை உரித்தவன், சுண்ணாம்பில் ஊறப்போட்டவன், ஆவாரம்பட்டைத் தண்ணியில் இறங்கி மிதித்தவன் யார் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. செத்த மாட்டைத் தொட்டால் தீட்டு. அதே மாட்டுத்தோல் கப்பலேறினால் ஏற்றுமதி.

பூட்ஸ் தோலாக வந்தது, சட்டை காக்கியாக வந்தது. பெரம்பூர்ப் பக்கம் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில். (மில்லை ஒட்டிய பகுதிக்குப் பெயரே பட்டாளம். கண்டக்டர் "பட்டாளம் இறங்கு" என்று கத்தும்போதெல்லாம் எனக்கு ஏதோ மாதிரி இருக்கும்.) பின்னி காக்கி என்றால் சாயம் போகாது என்று பெயர். போர்க்காலத்தில் சிப்பாய்க்குக் காக்கி டிரில் துணி கஜம் கஜமாக வேண்டியிருந்தது. தறி ஓயவில்லை. லாபம் குவிந்தது.

அதே வருஷங்களில் சென்னையில் அரிசி விலை என்ன ஆனது? இங்கேதான் ராணுவச் செலவின் பொருளாதாரம் சேரி வாசலில் பச்சையாகத் தெரிகிறது. இந்திய அரசாங்கம் பிரிட்டனின் போருக்கு 10 கோடி பவுன் 'அன்பளிப்பு' கொடுத்தது 1917இல். யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள்? வரி ஏறியது, நோட்டு அச்சடித்தார்கள், ரயிலும் கப்பலும் போர்ச் சாமானுக்குப் போயின, சாதாரண ஜனங்களின் தானியத்துக்கு வண்டி கிடைக்கவில்லை. அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போயின. துணி நெய்கிறவனுக்கே துணி இல்லை. 1918 செப்டம்பரில் சென்னை கடைத்தெருக்களில் அரிசிக் கடைகளும் துணிக் கடைகளும் சூறையாடப்பட்டன. அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1918 ஏப்ரலில், மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முயற்சி எடுத்தார்கள், பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். சாப்பாட்டு நேரம் போதவில்லை, மேஸ்திரி அடிக்கிறான், கூலி கட்டவில்லை என்பதெல்லாம் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மை. அந்தக் காரணங்களுக்கெல்லாம் அடியில் ஒரு போர் இருக்கிறது. போர் ஒரு கையால் காக்கி ஆர்டர் கொடுத்தது. இன்னொரு கையால் அந்தக் கூலியின் மதிப்பைத் திருடிக்கொண்டது. சங்கம் அந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. நான் வாசித்த தொழிற்சங்க வரலாறுகளில் இந்த இடம் இரண்டு வரியில் கடந்துபோய்விடுகிறது.

1921. இந்த வருஷத்தைப் பற்றிப் பேசினாலே இரண்டு பக்கமும் கோபப்படுவார்கள். ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும். வேலைநிறுத்தம் வந்தது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் அடிதடி, கல்வீச்சு, போலீஸ் துப்பாக்கிச்சூடு, சாவுகள். சேரி ஜனங்களை வியாசர்பாடிப் பக்கம் முகாம்களில் வைத்தார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. நீதிக்கட்சித் தலைவர்களில் முக்கியமானவர்கள், அரசாங்கத்தின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது என்று குற்றம் சாட்டினார்கள். எம்.சி.ராஜா அந்தக் கட்சியை விட்டு 1923இல் வெளியேறியதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது.

நூறு வருஷமாக நம் மேல் ஒரு சொல் ஒட்டியிருக்கிறது: கருங்காலி. வேலைநிறுத்தத்தை உடைத்தவர்கள். வெள்ளை முதலாளியின் ஆட்கள். இதற்கு நம் பக்கத்தில் பதில் எழுதியவர்கள் சாதியைச் சொன்னார்கள்: உன் சங்கத்தில் எனக்கு என்ன மரியாதை இருந்தது, உன் தெருவில் நான் நடக்க முடிந்ததா என்று. நியாயமான பதில். ஆனால் பெரியவர் மண்டபத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்னொன்று தெரிகிறது. மற்றவனுக்கு மில் கூலி நின்றால் ஊரில் ஒரு காணி நிலம், மாமனார் வீடு, ஒரு மளிகைக்கடைக் கடன், சாதிச் சங்கத்தின் கஞ்சித்தொட்டி ஏதோ ஒன்று இருந்தது. எல்லோருக்கும் என்று சொல்லவில்லை; இருக்க வாய்ப்பிருந்தது. சேரிக்காரனுக்குக் காக்கிக் கூலியை விட்டால் திரும்பிப்போக இருந்த ஒரே இடம் செங்கல்பட்டில் ஆண்டையின் களத்துமேடு. அவன் அங்கிருந்து தப்பித்துத்தான் இங்கே வந்தான். 1920 கடைசியிலிருந்து நடந்த கதவடைப்பில் பட்டினி என்றால் என்ன என்று ஒருமுறை பார்த்தும் இருந்தான். அவன் முதலாளியோடு போனான் என்பது ஒரு வாசிப்பு. அவன் ஆண்டையிடம் திரும்பிப்போக மறுத்தான் என்பது இன்னொரு வாசிப்பு. இரண்டாவதை நம்புகிறேன். அதற்காக அவன் செய்தது சரி என்று முழுசாகச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஒன்றாக நின்றிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். ஆனால் ஒன்றாக நிற்பதற்கான விலையைச் சேரி மட்டும் முன்பணமாகக் கட்டவேண்டும் என்று எதிர்பார்த்தது யார்?

பி அண்ட் சி மில் 1996இல் கடைசியாக மூடப்பட்டது. இன்றைக்கு அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. பெரியவரின் பேரன் ஒருத்தன் அங்கே லிஃப்ட் பராமரிப்புக்குப் போகிறானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சுதந்திரத்துக்குப் பின்னால் வடசென்னைக்கு ராணுவப் பணம் வேறு உருவத்தில் வந்தது. திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு லடாக் போகிற பணக்காரப் பையன்களின் வண்டி. அது இங்கே வேரூன்றியதற்கு முக்கியக் காரணம் ராணுவம் கேட்ட புல்லட் வண்டிகள். எல்லைக் காவலுக்கு வண்டி வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து தருவித்தது போய், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். எண்ணூர் அசோக் லேலண்ட் பஸ்ஸும் லாரியும் செய்கிற கம்பெனி என்று நினைப்போம்; ராணுவத்தின் சரக்கு லாரிகளுக்கும் அது பெரிய சப்ளையர். இந்தக் கம்பெனிகளின் வெளிச்சுற்றில் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். லேத்து, வார்ப்பு, முலாம். மணலி, சாத்தாங்காடு, கொருக்குப்பேட்டையில் எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் அவர் செய்யும் போல்ட் எந்த வண்டிக்குப் போகிறது என்று அவருக்கே தெரியாது.

ஆவடிதான் உண்மையில் பெரிய மாற்றம். 1961இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் வந்தன. டாங்கி ஒரு பக்கம், சிப்பாய்க்குச் சட்டை இன்னொரு பக்கம். மத்திய அரசு வேலை. அதனால் இடஒதுக்கீடு உண்டு. குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, பென்ஷன் உண்டு. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் இருந்து விடியற்காலையில் ரயிலேறிப் போனவர்கள் ஒரு தலைமுறை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் "மாப்ள ஃபேக்டரியாம்" என்றாலே மேற்கொண்டு விசாரிக்கமாட்டார்கள். அம்பேத்கர் பிறந்தநாளுக்குச் சந்தா கொடுத்தவர்கள், இரவுப் பாடசாலைக்கு ட்யூப்லைட் வாங்கிப் போட்டவர்கள், நம்முடைய சிறுபத்திரிகைகளுக்கு ஆயுள் சந்தா கட்டியவர்கள் யார் என்று பழைய ரசீதுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். அரசு ஊழியர்கள், ரயில்வேக்காரர்கள், துறைமுகத்துக்காரர்கள், ஆவடிக்காரர்கள். ராணுவச் செலவை எதிர்த்து நாம் அச்சடித்த துண்டறிக்கையின் தாளுக்கே ராணுவச் சம்பளம் காசு கொடுத்திருக்கலாம். எனக்கு இதில் வெட்கம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் யாராவது என்னை ராணுவத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கேட்பார்கள். அவர்களுக்கு 1951 அக்டோபர் 10 அன்று அம்பேத்கர் வெளியிட்ட பதவி விலகல் அறிக்கையை எடுத்துப் படிக்கச் சொல்வேன். இந்து சட்ட மசோதாவுக்காக விலகினார் என்று மட்டும்தான் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அதே அறிக்கையில் ராணுவச் செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார். வருஷ வருமானம் 350 கோடி, அதில் சுமார் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது என்று கணக்குச் சொல்கிறார். பாதிக்கு மேலே. நேச நாடுகள் இல்லாத வெளியுறவுக் கொள்கையின் விளைவு இது என்கிறார். பட்டியல் சாதியினரை அரசாங்கம் கைவிட்டுவிட்டது என்ற மனக்குறையையும் அங்கேயே சொல்கிறார். மகார் ரெஜிமென்ட்டுக்காக வாதாடியவரும் இவர்தான், பத்து வருஷம் கழித்து ராணுவச் செலவு நாட்டைத் தின்கிறது என்றவரும் இவர்தான். முரண்பாடு என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. பொருளாதாரம் படித்த மனுஷன். கொலம்பியாவில் 1915இல் எழுதிய எம்.ஏ. ஆய்விலேயே கிழக்கிந்திய கம்பெனியின் வரவு செலவை வரி வரியாகப் பார்த்தவர். மொத்தத் தொகை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அதில் தாழ்த்தப்பட்டவன் கைக்கு வருவது எவ்வளவு என்பது வேறொரு கேள்வி என்று அவருக்குத் தெரியும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டார். நாம்தான் ஒன்றைக் கேட்டால் மற்றதை மறந்துவிடுகிறோம்.

இப்போது நடப்பதைப் பார்ப்போம். 2021 அக்டோபர் 1 அன்று நாட்டிலிருந்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். ஆவடி டாங்கி ஒரு கம்பெனிக்குப் போனது, ஆவடி சட்டை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு கம்பெனிக்குப் போனது. தொழிலாளர்கள் போராடுவோம் என்றார்கள். அதே 2021இல் பாதுகாப்புத் துறை உற்பத்தியில் வேலைநிறுத்தமே சட்டவிரோதம் என்று முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் வந்தன. நூறு வருஷத்துக்கு முன்னால் மில் நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போய் யூனியன் தலைவர்கள்மேல் தடை உத்தரவு வாங்கியது. 2021இல் அந்தச் சிரமம்கூட யாருக்கும் இருக்கவில்லை.

இன்னொரு பக்கம், 2018 பட்ஜெட்டில் அறிவித்துத் தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் கொடுத்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. 2025-26 பட்ஜெட்டில் உள்நாட்டு ராணுவக் கொள்முதலுக்கு 1,11,544 கோடி ஒதுக்கினார்கள். அதில் 25 சதவீதம் தனியாருக்கு என்று எழுதியே வைத்தார்கள். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2015இல் கடலோரக் காவல் படைக்கு ஏழு ரோந்துக் கப்பல்கள், 1,432 கோடி. 2023இல் கடற்படைக்கு மூன்று பயிற்சிக் கப்பல்கள், 3,100 கோடிக்கு மேல். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' ரிப்பேருக்கு வந்து நின்றது. அமெரிக்க ராணுவக் கப்பல் இந்தியாவுக்கு ரிப்பேருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 2025 ஜூனில் கடற்படை சேர்த்துக்கொண்ட 'அர்ணாலா' கட்டப்பட்டதும் இங்கேதான். பத்திரிகைகள் படம் போட்டு எழுதின. வடசென்னை இனி பாதுகாப்புத் தொழிலின் தலைநகரம் என்றார்கள்.

நல்லது. அங்கே இடஒதுக்கீடு உண்டா? கிடையாது. பணம் முழுக்க அரசாங்கப் பணம். வாங்குகிறவன் அரசாங்கம், கப்பல் அரசாங்கக் கப்பல், தளம் வந்த நிலத்திலும் அரசாங்கத்தின் கை உண்டு. இடையில் ஒரு தனியார் கையெழுத்து வந்துவிட்டதால் அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆவடியில் நுழைந்த சேரிப் பையன் இங்கே ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான் நுழையமுடியும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் வாடகை அறைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் அறைக்குப் பத்துப் பேராகப் படுத்திருக்கிறார்கள். பேரைக் கேட்டால் சொல்கிறார்கள். சாதியைக் கேட்டால் சிரித்துவிட்டு "குமார்" என்கிறார்கள். நமக்குப் புரியாதா? வேலையை அவர்கள் பிடுங்கினார்கள் என்று நம் பையன்களே பேசுகிறார்கள். அவர்களும் நம்மைப் போலத்தான் யாரோ ஒரு ஆண்டையிடமிருந்து ரயிலேறியவர்கள்.

காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்களை இந்தத் தளத்துக்காக இடம் பெயர்த்தார்கள். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை, அந்த வேலைக்கு நிரந்தரம் என்று அவர்கள் வருஷக்கணக்காகப் போராடி வந்திருக்கிறார்கள். மீனவர்கள் நம் சாதி இல்லை. குப்பத்துக்கும் சேரிக்கும் உள்ள பழைய சண்டைகளை நான் மறைக்கவில்லை. ஆனால் காசிமேட்டுக்காரரைக் கேட்டுப்பாருங்கள், 'பாதுகாப்பு' என்றால் என்ன என்று. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கைரேகை வைத்த அட்டை, படகுக்குப் பதிவு, கரையில் கேமரா, நடுக்கடலில் நிறுத்திச் சோதனை, 'சாகர் கவச்' ஒத்திகை நாளில் போலீஸ்காரனே தீவிரவாதி வேஷம் போட்டுக்கொண்டு வருவது. அந்தச் செலவில் அவர்கள் பார்த்தது சோதனையை மட்டும்தான். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அதே ஜனங்கள் பிளாஸ்டிக் மக்கிலும் பக்கெட்டிலும் அள்ளியதை நாடே பார்த்தது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம்தான் கோடிகளில் கப்பல் கட்டுகிறார்கள்.

இப்போது பழைய வாசலுக்கே வருகிறேன், பட்டாளத்துக்கு. 2022 ஜூனில் அக்னிபத் வந்தது. நாலு வருஷ வேலை. நாலாம் வருஷ முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் வைத்துக்கொள்ளமாட்டார்கள். மற்றவர்களுக்குக் கையில் சுமார் 11.71 லட்சம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் கிடையாது. அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படுகிற நியாயம் நமக்குத் தெரியும்: பென்ஷன் சுமை. 2025-26 பட்ஜெட்டில் 6,81,210 கோடியில் பென்ஷன் மட்டும் 1,60,795 கோடி. அதைக் குறைத்தால் புது ஆயுதம் வாங்கலாம் என்கிறார்கள். திருவொற்றியூரில் பேசிய தோழரும் அந்தப் பென்ஷனைப் பீரங்கிக் கணக்கிலேயேதான் சேர்த்து வாசித்தார். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். அந்த மொத்த மூட்டையில் கிராமத்துக் கீழ்த்தெரு வரைக்கும், சேரி வரைக்கும் மாதாமாதம் வருகிற பகுதி ஒன்று இருக்கிறதென்றால் அது சிப்பாயின் சம்பளமும் பென்ஷனும்தான். ஏவுகணைக்குக் கொடுக்கிற காசு எங்கே போகும் என்று நமக்குத் தெரியாது. சுபேதாருக்குக் கொடுத்த பென்ஷன் எங்கே போனது என்று தெரியும், எல்பின்ஸ்டன் காலேஜுக்குப் போனது. செலவைக் குறைக்கவேண்டும் என்று நாம் கேட்டோம். அவர்கள் குறைக்க எடுத்துக்கொண்டது அந்தப் பகுதியைத்தான்.

எர்ணாவூர் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் இருக்கிறான். பேர் வேண்டாம். விடிகாலை நாலரைக்குக் கடற்கரை ரோட்டில் ஓடுகிறான், கண்டெய்னர் லாரிகளின் புகைக்கு நடுவில். 1.6 கிலோமீட்டரை நிமிஷக் கணக்கில் முடிக்கவேண்டும் என்று மணிக்கட்டில் வாட்ச். அவன் அம்மா என்னிடம் கேட்டாள்: "படிச்சவங்க நீங்க சொல்லுங்க. நாலு வருசம் கழிச்சி வந்துட்டா இன்னா பண்ணுவான்? செக்யூரிட்டி வேலைக்குத்தான போவணும்? அதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போய் பனியில நிக்கணும்?" ஏ.டி.எம். வாசலில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிற செக்யூரிட்டியை அவள் மனசில் வைத்துக் கேட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவன் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பெரியவரைத் தேடிப்போனேன். ஒரு பழைய தகர டிரங்குப் பெட்டியிலிருந்து மில் பாஸும் அரை கஜம் காக்கித் துண்டும் எடுத்துக் காட்டினார். துணி கனமாக இருந்தது. சாயம் போகவில்லை. அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் 1921 பற்றி வீட்டில் பேசிக்கொண்டதை அவர் சொன்னார், நான் நோட்டில் எழுதினேன். இரண்டு பேருக்கும் நடுவில் அதைப் பற்றி ஒத்த கருத்து கடைசிவரை இல்லையாம். ஒருத்தர் மில்லுக்குள்ளே போனவர், ஒருத்தர் வெளியே நின்றவர். ஒரே குடிசையில் இருந்தார்களாம். முழுசாக எழுதி முடித்ததும் அடுத்த இதழுக்கு அனுப்புகிறேன். உங்கள் வீடுகளில் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகமோ, மில் பாஸோ, ஆவடிச் சம்பளச் சீட்டோ பெட்டிக்கடியில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது எந்த வருஷம், யாருடையது, அந்தக் காசில் வீட்டில் என்ன நடந்தது என்று அரைப் பக்கம் எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.